தொடையெலும்பின் கழுத்தும் தண்டும் சேர்ந்து முறிதல்: அறுவை முறைகள் பற்றிய மதிப்பீடு

ஒரே தொடையெலும்பு இரண்டு இடங்களில் முறிவதுண்டு. ஒரு முறிவு தொடையின் நடுவிலுள்ள தண்டில் ஏற்படும். மற்றொன்று இடுப்பு மூட்டை ஒட்டிய கழுத்தில் ஏற்படும். அதிவேக வாகன விபத்துகளே இதற்கு முதன்மைக் காரணம். தண்டு முறிந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 9 பேருக்குக் கழுத்தும் முறிந்திருக்கும் என மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. இவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். இம்முறிவுகளை ஒரே ஆணியால் பொருத்துவதா, இரண்டு தனிக் கருவிகளால் பொருத்துவதா என்பதே இத்துறையின் நீண்டகால விவாதம். ஆனால் நோயாளியின் எதிர்காலத்தை முடிவு செய்வது கருவிகளின் எண்ணிக்கையா என்பதை முதலில் ஆராய வேண்டும்.

இரண்டு முறிவுகளும் சமமல்ல

வாகனத்தில் அமர்ந்திருப்பவரின் மடங்கிய முழங்கால் முன்பலகையில் மோதும்போது, விசை தொடை வழியாக இடுப்பு நோக்கிப் பாய்கிறது. அதன் பெரும்பகுதி தண்டை முறிப்பதிலேயே செலவாகிவிடும். எஞ்சிய விசை கழுத்தில் மெல்லிய பிளவை உண்டாக்கும். அப்பிளவு பல நேரங்களில் விலகாமலும், ஏறத்தாழ செங்குத்தாகவும் இருக்கும். விலகாததால் படத்தில் எளிதில் தெரியாது. செங்குத்தாக இருப்பதால், காலில் எடை ஏறும்போது முறிந்த பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி விலக முனையும்.

தண்டைச் சுற்றித் தசைகள் உள்ளன. இரத்த ஓட்டமும் போதுமானது. எனவே அது பெரும்பாலும் நன்றாகக் கூடிவிடும். கூடாவிட்டாலும் ஆணியை மாற்றிப் பொருத்தலாம். எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களோ கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து விலகினால் அவை அறுபடக்கூடும். தலை உயிரிழந்து நொறுங்கலாம். 25 வயதில் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டவருக்கு வாழ்நாளில் மறுபடியும் அறுவை தேவைப்பட வாய்ப்பு அதிகம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் முறிவைவிட மறைந்திருக்கும் முறிவே ஆபத்தானது.

கண்டறிதல்

கழுத்து முறிவுகளில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை முதல் பரிசோதனையில் தவறவிடப்பட்டதாகப் பழைய ஆய்வுகள் காட்டுகின்றன. தொடை வலி மற்ற வலியை மறைத்துவிடும். கால் வெளிப்புறம் திரும்பிக் கிடப்பதால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் கழுத்து குறுகித் தெரியும். 2007இல் டோர்னெட்டா குழுவினர் ஓர் ஒழுங்குமுறையை வெளியிட்டனர். காலை உட்புறம் திருப்பி எடுக்கும் இடுப்புப் படம், 2 மில்லிமீட்டர் இடைவெளியில் சி.டி. ஸ்கேன், அறுவை மேசையில் பக்கவாட்டுப் படம், அறுவைக்குப் பின் மறுபடியும் படம் ஆகியவை அதன் கூறுகள். இதனால் தாமதமாகக் கண்டறியப்படுவது 91 சதவீதம் குறைந்ததாக அவர்கள் தெரிவித்தனர். ஒரே குழுவின் முந்தைய அனுபவத்தோடு ஒப்பிட்ட சிறிய எண்ணிக்கை என்பது இதன் குறை. ஆயினும் புதிய கருவி எதுவும் இல்லாமல், ஒழுங்கால் மட்டுமே கிடைத்த பயன் இது. சி.டி.யிலும் தெரியாத சில பிளவுகளை எம்.ஆர்.ஐ. காட்டுவது பின்னர் அறியப்பட்டது.

ஒரு கருவியா, இரண்டா?

முதல் முறையில், தொடையின் மேல்முனை வழியாக நீண்ட ஆணி செலுத்தப்படுகிறது. அதன் துளைகள் வழியே கழுத்துக்குள் திருகுகள் ஏற்றப்படுகின்றன. வெட்டும் செலவும் குறைவு. ஆனால் ஆணியை உள்ளே செலுத்தும்போது விலகாத கழுத்து விலகிவிடக்கூடும். திருகுகளின் இடத்தையும் ஆணியே தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாம் முறையில், கழுத்து முதலில் திருகுகளாலோ நழுவு திருகுத் தகட்டாலோ பொருத்தப்படுகிறது. பிறகு முழங்கால் வழியாகச் செலுத்தும் ஆணியாலோ தகட்டாலோ தண்டு நிலைநிறுத்தப்படுகிறது. ஒவ்வொரு முறிவையும் அதனதன் தேவைக்கேற்பக் கையாளலாம். முழங்கால் மூட்டைத் திறக்க வேண்டியிருப்பதும் கூடுதல் செலவும் இதன் குறைகள்.

வாட்சன், மோயெட் இருவரின் 2002ஆம் ஆண்டு ஆய்வில், கூடாமல் போன 8 கழுத்து முறிவுகளில் 6 ஒற்றை ஆணி முறைக்குப் பின் நேர்ந்தவை. இதை ஒற்றை ஆணிக்கு எதிரான இறுதித் தீர்ப்பாகச் சிலர் கொள்கின்றனர். அது சரியன்று. அந்த ஆய்வு சிக்கல் நேர்ந்தவர்களை மட்டுமே தொகுத்தது. அதே ஆணியால் குணமானவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அதில் இல்லை. ஒற்றை ஆணியை ஆதரிக்கும் ஆய்வுகளும் பெரும்பாலும் சிறிய, பின்னோக்கிய தொகுப்புகளே.

மதிப்பீடு

கழுத்துக்கே முன்னுரிமை என்று 1984இலேயே சுவியோன்ட்கோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வலியுறுத்தினர். உயிருக்கு ஆபத்தான காயம் இருந்தால் அதுவே முதலில். தண்டைப் புறச்சட்டத்தால் தற்காலிகமாகத் தாங்கி வைக்கலாம். மற்றபடி, எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் இவ்வரிசை மாறக்கூடாது. ஒற்றை ஆணியை விரும்புபவரும் ஆணிக்கு முன் கழுத்தைக் கம்பிகளால் பிடித்துக்கொள்ள இயலும். இரண்டு கருவிகளை விரும்புபவர் கழுத்தைச் சரியாகப் பொருத்தாவிட்டால் இரண்டாவது கருவியால் பயனில்லை. இன்றைய சான்றுகள் இரு கருவி முறையின் பக்கம் சற்றுச் சாய்கின்றன; அதைவிட அதிகம் சொல்ல அவை போதா. எனவே இத்துறையின் ஆய்வுகளைப் படிக்கும் மாணவர், கருவியின் பெயரைப் பார்க்கும் முன் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்: கழுத்து முறிவு எப்போது கண்டறியப்பட்டது, எவ்வளவு துல்லியமாகப் பொருத்தப்பட்டது, தண்டுக்கு முன்பா பின்பா. இவற்றைச் சொல்லாத ஒப்பீடு எந்தக் கருவிக்கும் சான்றாகாது.