கரிக்குள் நிற்கும் மரம்

மரத்துண்டிலிருந்து செய்த உயிர்க்கரி ஒன்றைக் குறுக்கே உடைத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். மரம் இன்னும் அங்கே நிற்கும். ஆண்டு வளையங்கள், வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய நுண்குழாய்கள், அவற்றைப் பிரிக்கும் சுவர்கள் எல்லாம் கறுத்து, சற்றே சுருங்கி, வரிசை குலையாமல் இருக்கும். காற்று அதிகம் புகாத கலத்தில் பல நூறு டிகிரி வெப்பத்தில் வெந்தபோது ஆவியாகக்கூடியவை போய்விட்டன. கரிமக் கூடு மட்டும் மிஞ்சியது. கட்டடத்தின் மேல் செடி வளர்க்கும் பசுமைக் கூரைக்கு இந்தக் கரி பொருந்தி வரும் நயம் அந்தக் குழாய்களின் அகலத்தில்தான் இருக்கிறது.

மெல்லிய வகைப் பசுமைக் கூரைகளில் மண்ணின் ஆழம் பெரும்பாலும் 15 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். கட்டடம் தாங்க வேண்டுமே என்று வயல்மண்ணைத் தவிர்த்து, எரிமலைக்கல், நுரைக்கல், உடைத்த செங்கல் போன்றவற்றைப் பரப்புகிறார்கள். மழையில் அது சட்டென்று வடியும். வெயிலில் சட்டென்று காயும். பாரம் ஏறாமல் ஈரம் ஏற வேண்டும், அவ்வளவுதான் கூரைக்குத் தேவை.

இப்போது குழாய்களுக்கு வருவோம். ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டரைவிட அகன்ற துளைகளில் நீர் நிற்காது, கீழே இறங்கிவிடும். 0.2 மைக்ரோமீட்டரைவிடக் குறுகிய துளைகளில் நிற்கும், ஆனால் வேர் எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. செடி குடிக்கும் நீர் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளது. ஊசியிலை மரங்களின் நீர்க்குழாய்கள் பல, மரத்தில் இருக்கையில் 20 முதல் 40 மைக்ரோமீட்டர் அகலம் கொண்டவை. வெந்து சுருங்கியதும் அவற்றில் பல இந்த நடு எல்லைக்குள் வந்துவிடுகின்றன. ஒரு மரம் தன் தாகத்துக்கு வகுத்துக்கொண்ட அளவு, எங்கோ ஒரு கூரையில் வேறொரு செடியின் தாகத்துக்கும் சரியாக வாய்க்கிறதே! கிராமுக்கு இத்தனை நூறு சதுர மீட்டர் பரப்பு என்று கரியைப் புகழ்வோர் உண்டு. அந்தப் பரப்பில் பெரும்பகுதி வேருக்கு எட்டாத அதிநுண் துளைகளுக்குள் இருப்பது. ஈரத்துக்காகக் கரி சேர்ப்பவர்கள் போற்ற வேண்டியவை இந்த நடுத்தரத் துளைகளே என்பேன்.

மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனை இதைச் செடியைக் கொண்டே சொல்ல வைத்தது. எரிமலைக்கல் கலவையில் கன அளவில் 40 சதவீதம் வரை கரி சேர்த்து, கோதுமை வளர்த்து, பிறகு நீரை நிறுத்தினார்கள். கலவையின் எடை குறைந்தது, ஈரம் கூடியது. கரி மிகுந்த கலவைகளில் பயிர் மீள முடியாதபடி வாடுவது 2 நாள் தள்ளிப்போனது. இரண்டு மழைகளுக்கு நடுவே, நிழலே இல்லாத கூரையில் நிற்கும் செடிக்கு அந்த 2 நாள் சிறியதல்ல.

கூரையிலிருந்து வழியும் நீருக்கும் ஒரு கதை உண்டு. மட்கு உரம் கலந்த புதிய கூரைகளிலிருந்து முதல் மழைகளில் இறங்கும் நீர், பால் விடாத டீ போலப் பழுப்பாக இருக்கும். செடிக்கென்று போட்ட சத்து சாக்கடைக்குப் போகிறது. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தினர், 7 சதவீதம் கரி கலந்த கூரை மண் தட்டுகளின் மேல் செயற்கை மழை பெய்வித்து வடிநீரை அளந்தார்கள். 2011இல் வந்த அந்த ஆய்வின்படி நைட்ரஜன், பாஸ்பரஸ், கரிமச் சேர்மங்கள் மூன்றும் வடிநீரில் கணிசமாகக் குறைந்தன. தட்டுகளில் தங்கிய நீரும் கூடியது.

பொடியாக அரைத்த கரியைக் காற்று வாரிக்கொண்டு போகும். மழையில் மிதந்து ஓடும். அதனால்தான் டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் அதைக் குருணைகளாக உருட்டிக் கூரைக் கலவையில் சோதித்தார்கள். புதுக்கரி சில நேரம் நீரை ஒட்டவிடாமல் உருட்டித் தள்ளும். சூளையில் படிந்த எண்ணெய்ப் பசை அதற்குக் காரணம். முன்கூட்டியே நன்றாக ஊறவைப்பது நல்லது. கூரையேறிய பிறகு காற்றின் ஆக்ஸிஜன் கரியின் மேற்பரப்பை மெல்ல மாற்றுகிறது. அங்கே எதிர்மின்னூட்டம் கொண்ட அமிலத் தொகுதிகள் உருவாகி, அமோனியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றைப் புதுக்கரியைவிட நன்றாகப் பிடித்துவைக்கின்றன.