அன்றிலைத் தேளாக்கினர்

தேவிபட்டினத்துக் கடலிலே ஒன்பது கற்கள் நிற்கின்றன. அக்கடலின் மேல் விரிந்த வானிலே, வைகாசித் திங்களின் மாலை மங்கும் வேளையில், தென்கிழக்கே ஒரு தேள் எழுகிறது. கற்களைச் சுற்றிக் கூட்டம். தேளைச் சுற்றி அச்சம். இரண்டிற்கும் நடுவே, மணமாலைக்குக் காத்துக் காத்து முகம் வாடிய பெண்ணொருத்தி. இம்மூன்றையும் பிணைத்திருக்கும் கயிறு எது? அதைத் திரித்தவர் எவர்? அது இரும்பு வடமா, இற்றுப்போன வைக்கோற்புரியா? இதனை ஆராய்ந்து பார்ப்பது அறிவுடையார் கடன்.

பெண் பார்க்க வருவோர் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவள் பிறந்த நாள்மீனைப் பார்க்கின்றனர். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாதாம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாதாம். கேட்டையிற் பிறந்தவள் கணவனின் தமையனுக்கு ஆகாதாம். விசாகத்தாள் கொழுந்தனுக்கு ஆகாதாம். நான்கே மொழிகள்! ஆனால், நாற்படையும் செய்ய முடியாத அழிவைச் செய்துவரும் மொழிகள். ஏட்டிலே உள்ள காவியத்திற்குத் திறனாய்வு உண்டு. நாட்டிலே உலவும் இந்த நான்கு மொழிகட்கும் திறனாய்வு வேண்டாமா?

முதலிற் கணக்கைப் பார்ப்போம். திங்கள் வானை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27 நாளும் 8 மணியும் ஆகின்றன. அந்தப் பாதையை 27 கூறாக்கி, கூறு ஒன்றுக்கு ஒரு நாள்மீன் என்றனர் முன்னோர். ஒருவர் பிறந்தபோது திங்கள் எக்கூற்றில் நின்றதோ அதுவே அவருடைய நாள்மீன். ஆகவே, இந்த நான்கு மீன்களின் பெயரால் தள்ளப்படுவோர் 27இல் 4 பங்கினர். நூறு பெண்களில் பதினைந்து பேர்! ஏழு பெண்களைப் பெற்ற ஊரில் ஒருத்தி, தொட்டிலிலேயே குற்றவாளியாகிறாள். வழக்கில்லை, சாட்சியில்லை, தீர்ப்பு மட்டும் உண்டு.

சான்று என்ன என்று கேட்போம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பர். எதுகை இருக்கிறது, ஏது இருக்கிறதா? பரணி என்றதும் தரணி வருகிறது. மகம் என்றதும் ஜகம் வருகிறது. பூராடம் என்றதும், கழுத்திலே நூலாடாது என்று வருகிறது. ஓசைக்கு ஓசை சேர்ந்ததே அன்றி, உண்மைக்கு உண்மை சேர்ந்ததா? மீனின் பெயர் வேறொன்றாக இருந்திருந்தால், பெண்ணின் விதியும் வேறொன்றாக இருந்திருக்கும்! கேட்டை என்பது ஜ்யேஷ்டா என்னும் வடசொல்லின் வழி வந்தது; அதற்கு மூத்தது என்று பொருள். ஆகவே மூத்தானுக்கு ஆகாது என்றனர். மூலம் என்றால் வேர். ஆகவே குடும்பத்தின் வேரான மாமனாருக்கு ஆகாது என்றனர். சொல்லுக்குப் பொருள் கூறும் அகராதியை எடுத்துச் சாவுக்கு நாள் குறிக்கும் ஓலையாக்கிவிட்டனர். சிலேடை புலவனிடம் இருந்தால் சுவை. சோதிடனிடம் சென்றால் சுமை!

ஒரே தாயின் வயிற்றில் ஆணும் பெண்ணுமாய் இரட்டையர் பிறக்கின்றனர். ஐந்து நிமிட இடைவெளி. திங்கள் நின்ற இடம் ஒன்றே, மூலமும் ஒன்றே. ஆனால் அண்ணன் அரசாள்வான், தங்கை குடியழிப்பாள்! வானத்து மீன் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிந்து ஒளி வீசுகிறதா? பிரித்தது மீனன்று, மீனின் பெயரைச் சொல்லிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் மனிதன்.

அந்த மீன்கள்தாம் யாவை? விருச்சிகம் எனப்படும் தேள் கூட்டத்தைக் காண இராமநாதபுரக் கரை ஏற்ற இடம். இலண்டன் மாநகரில் இருப்போர்க்குத் தேளின் வால்முனை அடிவானைத் தொட்டுக்கொண்டே மறைந்துவிடும். நமக்கோ கேட்டை 54 பாகை உயரத்திலும், வால்முனை 43 பாகை உயரத்திலும் தென்வானில் நின்று முழுவடிவையும் காட்டும். தலைப்பக்கம் வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள் அனுடம். நடுவே செக்கச்செவேலெனத் துடிப்பது கேட்டை. வளைந்த வாலும் அதன் கொடுக்கும் மூலம். விசாகமோ இன்று துலாம் என்னும் தட்டில் இருக்கிறது; ஆனால் பண்டைக் கிரேக்கர் அதனைத் தேளின் இடுக்கிகள் என்றே கொண்டனர். அரபியர் அதன் மீன்களுக்கு இட்ட பெயர்களில் தென்னிடுக்கி, வடவிடுக்கி என்ற பொருள் இன்றளவும் நிற்கிறது. பாருங்கள் விந்தையை! பழிக்கப்பட்ட நான்கு மீன்களில் மூன்று, ஒரு தேளின் இடுக்கி, நெஞ்சு, கொடுக்கு. தேளுக்கு அஞ்சுவது மனித இயல்பு. அந்த அச்சத்தை எடுத்துப் பெண்ணின் தலையிலே கட்டிவிட்டனர்.

கேட்டையைக் கிரேக்கர் அன்டாரஸ் என்றனர். செவ்வாய்க்கு எதிரி என்பது பொருள். நிறத்தால் அது செவ்வாயோடு போட்டியிடுவதால் வந்த பெயர். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 550 ஆண்டுகள் ஆகின்றன. அதன் குறுக்களவு ஞாயிற்றினதைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு. ஞாயிறு இருக்கும் இடத்தில் அதனை வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் அடங்கிவிடும். செவ்வாய் தோஷம் என்று நடுங்குவோரே, அந்தச் செவ்வாயையே விழுங்கவல்ல பேருருவம் இது! இத்தகைய ஒன்று, பல நூற்றாண்டுகட்கு முன் விட்ட ஒளியைக்கொண்டு, இன்று ஒரு சிற்றூரில் இன்னார் மகள் இன்னாரின் தமையனுக்கு ஆகாள் என்று கணக்கெழுதுகிறதா?

வானில் உண்மையிலேயே தேள் உண்டா? இல்லை. உள்ளவை வெவ்வேறு தொலைவுகளில் நிற்கும் மீன்களே. பார்ப்போர் கண்ணுக்கு ஏற்ப வடிவம் மாறுகிறது. பசிபிக் பெருங்கடலின் பாலினீசியக் கடலோடிகள் அதே கூட்டத்தைத் தூண்டில் முள் என்றனர். சாவகத்தார் சாய்ந்த தென்னை என்றனர். நம் தமிழரோ? புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் அனுடத்தை முடப்பனை என்கிறார். வளைந்த பனை! பனங்காடுகள் நிறைந்த நாட்டில் வாழ்ந்தவனுக்கு வானிலும் பனையே தெரிந்தது. தேள் வடிவம் பாபிலோனியரும் கிரேக்கரும் வகுத்தது. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகச்சாதகத்தில் இந்த இராசிக்குத் தரும் பெயர்களுள் ஒன்று கௌர்ப்பி. ஸ்கார்ப்பியோஸ் என்னும் கிரேக்கச் சொல்லின் திரிபு அது. வெளியிலிருந்து வந்த வடிவத்தை வேதவாக்காக்கி, அதனைக் கொண்டு வீட்டுப் பெண்ணை வதைக்கிறோம்.

கார்த்திகைத் திங்கள் முழுதும் ஞாயிறு விருச்சிகத்தில் இருப்பதாகப் பஞ்சாங்கம் கூறும். வானியலார் 1930இல் வகுத்தளித்த எல்லைகளின்படி பார்த்தால், ஞாயிறு தேள் கூட்டத்தில் தங்குவது ஏறத்தாழ ஒரு வாரமே. பிறகு பாம்பேந்தி என்னும் கூட்டத்துக்குள் சென்றுவிடுகிறது. மூலமும் அவ்வாறே. வடிவத்தால் அது தேளின் கொடுக்கு; பஞ்சாங்கத்தால் அது தனுசு. சோதிடர் இதற்கு விடை வைத்திருக்கிறார். இராசி என்பது மீன்கூட்டம் அன்று. வானைப் பன்னிரண்டாகப் பகுத்த சமகூறு என்பார். நன்று, ஏற்றுக்கொள்வோம். அப்படியானால், பலன் தருவது மீன் அன்று, கோடு. கோட்டை வரைந்தவன் மனிதன். மனிதன் வரைந்த கோட்டை மனிதன் அழிக்கலாம் அன்றோ!

இடையிலே சிலர் சமாதானம் கூற வருகின்றனர். ஆண் மூலம் என்பது பிழை, ஆனி மூலம் என்பதே சரி. பெண் மூலம் என்பது பிழை, பின் மூலம் என்பதே சரி என்று பாடத்தைத் திருத்துகின்றனர். இவர்தம் நல்லெண்ணத்தை மறுக்கவில்லை. ஆனால் திருத்தத்தின் விளைவு யாது? பெண் முழுதும் விடுதலையாகவில்லை. மூலத்தின் பிற்பகுதியில் பிறந்த ஆணும் பெண்ணும் பிடிபடுகின்றனர். சிறையின் பெயர்ப்பலகையை மாற்றினரே தவிரக் கதவைத் திறக்கவில்லை. எழுத்துப் பிழையைத் தேடுவோர் கருத்துப் பிழையைக் காணாது விடலாமா?

இனி, நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தி. தமிழ் நிகண்டுகள் மூலத்திற்குப் பல பெயர்களைத் தருகின்றன. தேட்கடை என்பது ஒன்று. அன்றில் என்பது மற்றொன்று. அன்றில் எது? இணையைப் பிரிந்தால் உயிர் தரியாது எனப் புலவர்கள் போற்றிய பறவை. நெய்தல் நிலத்தில், பனைமரத்தின் மடலிலே கூடு கட்டி, துணையோடு வாழும் பறவை. காதலின் உறுதிக்கு உவமையாகத் தமிழ் இலக்கியம் கண்ட பறவை. வானிலே அனுடம் பனை. அதன் அருகே மூலம் அன்றில்! பனையும் அன்றிலும் இணைந்து நிற்கும் நெய்தல் ஓவியமாகவே அந்தக் கூட்டத்தைப் படிக்கலாம். அந்த அன்றிலின் பெயர் கொண்ட மீனிற் பிறந்தவளைத்தான் இல்லறத்திற்கு ஆகாதவள் என்கின்றனர். அன்றில் மறக்கப்பட்டது, தேள் நிலைத்தது. இலக்கியத்தை இழந்த இனம் இதைவிடப் பெரிய விலை கொடுக்க முடியுமா?

சங்க காலத்தில் சகுனமே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. கூடலூர் கிழாரின் அதே பாட்டு, மீனொன்று விழக்கண்டு, சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ என அஞ்சியதையும், ஏழாம் நாள் அவன் இறந்ததையும் கூறுகிறது. அதில் கண்ட காட்சி நுட்பமானது; கொண்ட முடிவு அச்சத்தால் விளைந்தது. காட்சியை ஏற்போம், முடிவை விடுப்போம். ஏற்கத்தக்க முடிவைக் கபிலர் தருகிறார். புறநானூறு 117ஐப் புரட்டுக. சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தென்திசை சென்றாலும் பாரியின் நாடு வளம் குன்றவில்லை; காரணம் அவன் செங்கோல் என்கிறார். கோளைவிடக் கோல் பெரிது! பின்னர்ப் பாரி மாண்டபின் அவன் மகளிரை அரசர்கள் மணக்க மறுத்தனர். கபிலர் அதற்கு அப்பெண்களின் நாள்மீனைப் பழிக்கவில்லை.

சிலப்பதிகாரத்தையும் நோக்குக. கண்ணகிக்கும் கோவலனுக்கும் மணம் நடந்தது, திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நன்னாளில். குறையற்ற நாள், குறையற்ற சடங்கு. விளைவு? பிரிவு, வறுமை, மதுரைத் தெருவில் கொலை. உரோகிணி கண்ணகியின் மங்கலத்தைக் காக்கவில்லை. அவள் வாழ்வு கெட்டது கோவலன் போக்காலும், பொற்கொல்லன் பொய்யாலும், ஆராயாத அரசனாலும். மனிதர் செய்த தவறு மனிதரைத் தாக்கிற்று. இளங்கோ எழுதிக்காட்டிய இப்பாடத்தை, அவரைப் புகழும் நாமே படிக்கவில்லை.

தேவிபட்டினத்திற்கு மீள்வோம். அந்த ஒன்பது கற்களை நவபாஷாணம் என்பர். இலங்கை செல்லுமுன் சனியின் தொல்லை நீங்க இராமன் நாட்டினான் என்பது கதை. ஒன்பது எவை? ஞாயிறு ஒரு விண்மீன். திங்கள் பூமியின் துணைக்கோள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்தே கோள்கள். இராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. திங்களின் பாதையும் ஞாயிற்றின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள். இல்லாத பொருளுக்கும் இங்கே கல் உண்டு, பரிகாரம் உண்டு. திருமணத்தடை நீங்க வேண்டி வரும் தாய் தந்தையரை நாம் எள்ளவில்லை. அவர்கள் கண்ணீர் மெய். அக்கண்ணீருக்குக் காட்டப்படும் காரணமே பொய். தடை கடலில் இல்லை, வானில் இல்லை. சம்பந்தம் பேச வந்தவரின் நாவில் இருக்கிறது. அதை நீக்கக் கல்லைச் சுற்றி என்ன பயன்? இக்கரையின் மீனவரைக் கேளுங்கள். திசையறி கருவி வருமுன் கடலோடிக்கு வழிகாட்டியவை விண்மீன்கள். இன்று அவர் வலையை மறிப்பது சனியன்று. 1974இல் இரு அரசுகள் கடலில் வரைந்த எல்லைக்கோடு.

நாம் தேளுக்கு அஞ்சிக் கொண்டிருந்தபோது மற்றவர் அதனை ஆராய்ந்தனர். 1962இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் குழுவினரும் ஏவிய ராக்கெட், ஞாயிற்றுக் குடும்பத்துக்கு அப்பாலிருந்து வரும் ஊடுகதிரை முதன்முதலாகக் கண்டது. அது வந்தது விருச்சிகத்திலிருந்து. ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. மூலம் எனப் பஞ்சாங்கம் கூறும் வான்பகுதியின் திசையில்தான், 26,000 ஒளியாண்டுத் தொலைவில், நம் பால்வழி மண்டலத்தின் நடுவிடம் இருக்கிறது. அங்குள்ள கருந்துளையின் படத்தை 2022 மே திங்களில் அறிவியலார் உலகிற்குக் காட்டினர். மூலம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? நிர்மூலம் என்றோம் நாம். நடுமூலம் என்று நிறுவினர் அவர்.

1967ஆம் ஆண்டுச் சட்டம், புரோகிதரும் சடங்கும் இன்றி மாலை மாற்றியும் மோதிரம் அணிவித்தும் மணம் செய்துகொள்வதை இந்நாட்டில் செல்லத்தக்கதாக்கியது. மணப்பந்தலுக்குள் உரிமை வந்தது. பந்தலுக்கு முன்னே, சாதகக் கட்டைப் புரட்டும் திண்ணைக்கு இன்னும் வரவில்லை. அங்கே சட்டம் நுழையாது. அறிவுதான் நுழைய வேண்டும். சாதகத்தைத் திருத்தி, மூலத்தைப் பூராடமாக்கி மணம் முடிப்போரும் உண்டு. பொய்யைப் பொய்யால் வெல்லும் இந்தக் கோழைத்தனமும் வேண்டாம். எங்கள் மகள் மூலத்தில் பிறந்தவள் என்று தலைநிமிர்ந்து கூறுங்கள். எங்கள் வீட்டிற்கு வரும் மருமகளின் மீனை நாங்கள் கேட்பதில்லை என்று மாமனாராகப் போகிறவர் முதலிற் கூறட்டும். அவர் உயிருக்கு அவள் மீனால் வரும் கேடு ஏதுமில்லை.

வானைப் பெண்ணுக்கு மூடாதீர், திறந்து காட்டுங்கள். தென்வானிலே சிவந்து துடிக்கும் கேட்டையையும், வளைந்து ஒளிரும் மூலத்தையும் அவள் கண்ணாரக் காணட்டும். அது தேளன்று என அவள் அறியட்டும். அது பனை, அதன் அருகே அன்றில்.