இரண்டு டிஸ்க் இருந்தால் பேக்கப் ஆகிவிடுமா?

வீட்டுக்கு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்குகிறவர்கள் அதில் இரண்டு ஹார்டு டிஸ்க்கைப் போட்டு, இரண்டிலும் ஒன்றே பதியும்படி ‘மிரர்’ செய்ததுமே பேக்கப் வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். மிரர் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு டிஸ்க் போனாலும் மற்றது வேலையைத் தொடரும். டிஸ்க் எப்போதும் சொல்லிவிட்டுப் போவதில்லை: ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் சுமார் 36 சதவீதம் டிஸ்க் தன்னைத் தானே கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்’ வசதியில் எச்சரிக்கை எதையும் காட்டாதவை. யாரும் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதில்லை என்பது மிரரின் பெரிய பலம்.

பலவீனமும் அங்கேதான். கல்யாணப் படங்கள் இருக்கும் போல்டரைக் கைதவறி டெலிட் செய்தால் அதையும் யாரையும் கேட்காமல் இரண்டு டிஸ்க்கிலும் செய்து முடித்துவிடும். ரான்சம்வேர் பூட்டினாலும் அப்படியே. பெட்டியைத் திருடன் தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

டிஸ்க் தேர்விலும் ஒரு சிக்கல் உண்டு. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; ஒன்றைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பழுதான டிஸ்க்கை மாற்றி மிரரை மறுபடி நிரப்பும்போது இது இழுத்தடிக்கும். நாஸுக்கென்றே விற்ற ‘ரெட்’ வரிசையின் சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020இல்தான் ஒப்புக்கொண்டது. லேபிளை நம்பாமல் விவரப் பட்டியலில், தடங்கள் இப்படி ஏறாத வகையான சிஎம்ஆர் என்று இருக்கிறதா பார்த்து வாங்குவதே சரி.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி, மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்கிறது. வீட்டைப் பொறுத்தவரை நடுவிலுள்ள இரண்டைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கடைசி ஒன்றுதான் உயிர்நாடி. கிளவுடில் ஏற்றலாம், பொறுமை இருந்தால்: 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 2 டிபி ஏற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். மிரருக்கு வாங்கும் இரண்டாவது டிஸ்க்கை எக்ஸ்டர்னல் பெட்டியில் போட்டு, மாதம் ஒருமுறை காப்பி எடுத்து, அக்கா வீட்டு பீரோவில் வைப்பது ஏறக்குறைய அதே செலவில் கூடுதல் பாதுகாப்பு. கடைசிக் காப்பிக்குப் பிறகு சேர்ந்தவை போகலாம். சோம்பலில் மாதம் தவறவும் கூடும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

எடுத்த காப்பி திறக்கிறதா என்று பார்க்க 3-2-1 விதி சொல்வதில்லை. வேறொரு லேப்டாப்பில் செருகி நாலு படம் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க் என்றால் இது இன்னும் அவசியம். அந்தப் பாஸ்வேர்டைப் பலர் எழுதி வைத்திருப்பது நாஸ் பெட்டிக்குள்ளேயே.