98% பிளேஸ்மென்ட்: எதை எதால் வகுத்தார்கள்?

போன வாரம் அக்கா ஒரு இன்ஜினியரிங் காலேஜ் புரோஷரை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். "மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் இருக்காம், அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க. படிச்சுப் பாத்துச் சொல்லுடா." நகையை அடகு வைக்கவும் தயாராகிவிட்டாள்.

அட்டையிலேயே "98% பிளேஸ்மென்ட்". கீழே அதிகபட்சச் சம்பளம் வாங்கிய பையன் டை கட்டிச் சிரிக்கிறான். முப்பத்திரண்டு பக்கத்தில் நாலு வருஷச் செலவு மட்டும் எங்கேயும் இல்லை.

அந்த 98-ஐப் பார்ப்போம். இந்த மாதிரிக் கணக்கில் வகுக்கும் எண் பெரும்பாலும் சேர்ந்த மாணவர்கள் அல்ல, 'எலிஜிபிள்' மாணவர்கள். அரியர் இல்லாதவர்கள், பத்தாவதிலிருந்து டிகிரி வரை 60 சதவீதம் வைத்திருப்பவர்கள், பிளேஸ்மென்ட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள். மேலே இருப்பதும் சில சமயம் ஆட்கள் இல்லை, ஆஃபர்கள். உதாரணத்துக்கு 600 பேர் சேர்கிறார்கள், எலிஜிபிள் 300 பேர். வந்த 294 ஆஃபரை 210 பேர் வாங்குகிறார்கள், சிலருக்கு இரண்டு மூன்று. புரோஷரில் இது 98%. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 35%. ஒரு எண்கூடப் பொய் இல்லை, அதுதான் சாமர்த்தியம்.

ஆஃபர் கையில் இருந்தால் வேலை கிடைத்த மாதிரியும் இல்லை. நான் பி.இ. முடித்த 2002-ல் ஆஃபர் லெட்டரோடு வீட்டில் மாதக்கணக்கில் காத்திருந்த நண்பர்கள் உண்டு.

சம்பளத்திலும் இதே கதை. அதிகபட்சம் என்பது ஒரே ஒருத்தர் வாங்குவது. சராசரியையும் அந்த ஒருத்தரே மேலே இழுத்துவிடுவார். எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் மீடியன். நம் வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் பொருந்தும். பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகளின் வழக்கமான ஆரம்பச் சம்பளம் பத்து வருஷத்துக்கும் மேலாக வருஷத்துக்கு 3 முதல் 4 லட்சத்திலேயே நிற்கிறது.

சரி, உண்மையான எண்ணுக்கு எங்கே போவது? என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், மீடியன் சம்பளம் எல்லாம் இருக்கும். அதுவும் கல்லூரியே சொல்லும் கணக்குதான். ஆனாலும் வகுக்கும் எண்ணை அதில் மறைக்க முடியாது. அக்கா சொன்ன காலேஜின் பிடிஎஃப் அவர்கள் தளத்தின் ஒரு மூலையிலேயே கிடைத்தது. மேற்படிப்புக்குப் போனவர்களைக் கழித்து வகுத்தும் பாதிகூட வரவில்லை.

"அட்வான்ஸை நிறுத்து. கவுன்சிலிங்ல என்ன கிடைக்குதுன்னு முதல்ல பாப்போம். அதுல ஃபீஸாவது அரசு நிர்ணயிச்சது" என்றேன்.

அக்கா அந்த காலேஜுக்கே போன் போட்டு, "சேர்ந்தவங்க எத்தனை பேர், வேலைக்குப் போனவங்க எத்தனை பேர்?" என்று கேட்டிருக்கிறாள். "நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்" என்றார்களாம்.