கட்டுரையில் வரும் பாட்டி

தொழில்நுட்பம் பற்றி நம் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு பாட்டி தவறாமல் வருவார். அவருக்குக் கைத்தொலைபேசி தெரியாது, பேரன் சொல்லிக் கொடுப்பான், பாட்டி வியந்து போவார். சுங்கைப் பட்டாணி மாணவர் எழுதினாலும் கூலிம் மாணவர் எழுதினாலும் அதே பாட்டிதான். மொழிக்குப் புள்ளி போட்டுவிடலாம். கருத்துக்கு எப்படிப் போடுவது? வீட்டில் இருக்கும் பாட்டியைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்களே!

கெடாவில் எழுபதைத் தாண்டிய நம் பெண்களில் பலர் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் காயப்படாமல் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்தவர்கள். கருவி என்றாலே மிரளுவார்கள் என்று இவர்களைப் பற்றி எழுதலாமா?

என் அத்தையும் பீடோங் பக்கம் மரம் வெட்டியவர்தான். அவர் நம்பாத கருவி ஒன்று உண்டு. பால் நிறுக்கும் இடத்தில் கிராணி மெட்ரோலாக் என்னும் மானியைப் பாலில் மிதக்கவிடுவார். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அது காட்டும். அதை வைத்துத்தான் கூலிக் கணக்கு. எண்ணைப் படிப்பது கிராணி. வாளி சுமந்து வந்தவர் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். “அது என்ன காட்டுச்சோ, அவரு என்ன சொன்னாரோ, யாருக்குத் தெரியும்?” என்பார் அத்தை.

இதே அத்தை இன்று சர்க்கரை பார்க்கும் கருவியில் தானே விரலைக் குத்தி, எண்ணைக் காலண்டரில் எழுதி வைக்கிறார். வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார். வங்கிச் செயலி மட்டும் வேண்டாமாம். “நம்பர் மறந்துட்டா மருமககிட்டதானே நிக்கணும்?” 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் சாரா உதவியாக 100 ரிங்கிட் கிடைத்ததே, அதற்கு விண்ணப்பமும் இல்லை, செயலியும் தேவையில்லை. மைகார்டை எடுத்துக்கொண்டு தானே கடைக்குப் போய் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்தார். ஆக, அவர் பார்ப்பது கருவி புதிதா பழையதா என்பதை அல்ல. அது தன் கையில் இருக்குமா, இன்னொருவர் கையில் தன்னைக் கொண்டுபோய் விடுமா என்பதைத்தான்.

உதவிக் கருவிகளிலும் இதே கதைதான். கைத்தடி வாங்கிக் கொடுத்தோம், தொடவில்லை. கோயிலுக்குப் போகும்போது நீளமான குடையை ஊன்றிக்கொண்டு போகிறார். குடை பிடித்தால் யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லையே! காது கேட்கும் கருவியோ அலமாரியில் கிடக்கிறது. மாணவர் இதைப் பிடிவாதம் என்று எழுதுவார். ஆனால் அந்தக் கருவி பேச்சோடு விசிறி இரைச்சலையும் பாத்திரச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். பழகச் சில வாரங்கள் ஆகும், திரும்பப் போய் அளவு சரிசெய்யவும் வேண்டும். அதற்கு ஒருவர் காரில் கூட்டிப் போக வேண்டும். நாங்கள் யாரும் கூட்டிப் போகவில்லை, அதுதான் உண்மை.

எஸ்பிஎம் மாணவர்களே, அடுத்த முறை பாட்டியைக் கட்டுரைக்குள் கொண்டுவருமுன் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: எதை நீங்களே இயக்குகிறீர்கள், எதை எங்களிடம் கொடுக்கிறீர்கள், ஏன்?

போன தவணை ஒரு மாணவி எழுதியிருந்தாள்: தன் பாட்டி டிவி ரிமோட்டில் தனக்கு வேண்டிய மூன்று பொத்தான்களில் மட்டும் நகச்சாயப் பொட்டு வைத்திருக்கிறாராம். அந்தப் பத்தியில் இரண்டு சந்திப்பிழைகள் இருந்தன. வகுப்பில் அதைத்தான் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.