ஒரு பெர்த், ஒரே ஆள்

விருத்தாசலம் ஜங்ஷனில் தட்கல் வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். காலை பத்து மணிக்கு ஏசி பெர்த்துகள் திறந்ததும், நாடு முழுக்கக் கவுன்ட்டர்களும் கைபேசிகளும் ஒரே நொடியில் பாய்கின்றன. ஆனாலும் ஒரு பெர்த் ஒருவருக்குத்தான். சர்வர்களோடு பிழைப்பு நடத்துகிறவன் சொல்கிறேன், இது லேசுப்பட்ட காரியம் இல்லை!

ரயில் முன்பதிவுக்கு டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள். எந்த ரயிலின் கணக்கு எந்த மையத்தில் என்று பிரித்துவைத்து, 1999-ல் ‘கான்சர்ட்’ மென்பொருளால் ஐந்தையும் கோத்துவிட்டார்கள். பாரமும் பிரிந்தது, எந்த ஊர்க் கவுன்ட்டரிலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட் கிடைத்தது. அந்த மையங்களில் பல வருஷம் உழைத்தவை ஓபன்விஎம்எஸ் என்ற இயங்குதளத்தின் கிளஸ்டர்கள், அதாவது சர்வர் கூட்டங்கள். அடடா, அதன் அழகே அழகு! பல சர்வர்கள் ஒரே டிஸ்க்குகளைப் பகிர்ந்துகொள்ளும். ஒருவர் தொடும் பதிவை இன்னொருவர் தொடாதபடி லாக் மேனேஜர் பூட்டிவைக்கும். ஒரு சர்வர் படுத்தால் மற்றவை வேலையை ஏற்கும்.

இவற்றில் நான் சொக்கிப்போனது கோரம் என்ற ஏற்பாட்டில். இணைப்பு அறுந்து கிளஸ்டர் இரண்டாகப் பிரிந்தால், இரு பக்கமும் ‘நானே தலைமை’ என்று எழுதத் தொடங்கி, ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிடும் அபாயம் உண்டு. அதனால், பெரும்பான்மை ஓட்டு இல்லாத பக்கம் தானாகவே நின்றுவிடும். வீட்டைக் காக்கப் பீங்கான் கேரியருக்குள் ஃபியூஸ் கம்பி தன்னை எரித்துக்கொள்கிறதே, அதே குணம்!

இதை நேரில் பார்க்க, வீட்டில் மூன்று பழைய கணினிகளில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதன் தலைமையை மாற்றிக்கொடுக்கும் பட்ரோனி, பெரும்பான்மையைக் கணக்கிடும் எட்சிடி மூன்றையும் போட்டு ஓட்டினேன். முதன்மைக் கணினியின் பிளக்கைப் பிடுங்கினேன். பேச்சற்றுப்போன முதன்மைக்குப் பட்ரோனி வழக்கமாகக் கொடுக்கும் கெடு 30 வினாடி. அது முடிந்த கையோடு அடுத்த கணினி முதன்மையானது. கைதட்டிவிட்டேன்!

முன்பதிவு அமைப்பின் நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறனை ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயர்த்தப்போவதாக 2025 ஜூனில் ரயில்வே அறிவித்தது. படிக்கும் பிள்ளைகளே, நான் வீட்டில் போட்ட மூன்று மென்பொருள்களும் இலவசம். மூன்று பழைய கணினிகளைத் தேடிப்பிடித்து இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்து பாருங்கள். இரண்டு போதாது, ஒன்று போனால் மிஞ்சிய ஒன்றுக்குப் பெரும்பான்மை கிடையாது.