மணியும் திசைகாட்டியும்

ஒரு கட்சி தன் வட்டத்தைத் தாண்டிப் போக, சில வேளை தன் பெயரையே கொஞ்சம் மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மக்கள் விடுதலை முன்னணி செய்தது அதைத்தான். அதன் மணிச் சின்னத்தைக் கண்டால் கண்டியின் மூத்தவர்களுக்கு 1988-89 கிளர்ச்சி ஞாபகம் வரும். தோட்டத் தமிழருக்கோ, 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றி கட்சியின் நிறுவனர் ரோஹண விஜேவீர எடுத்த வகுப்பு. மணியை ஒதுக்கிவிட்டு, தேசிய மக்கள் சக்தி என்ற பெயரில் திசைகாட்டியோடு வந்தார்கள். 2020 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க 3 ஆசனம். 2024 நவம்பரில் 159. கண்டி மாவட்டத்தின் 12இல் 9.

இதை வெறும் வேஷமாற்றம் என்று தள்ளிவிட முடியாது. 2022 பொருளாதார நெருக்கடியின் காஸ் வரிசையில் எல்லா இனமும்தான் கால் கடுக்க நின்றது. நீ யார் என்று கேட்காமல், உன்னைச் சுரண்டியது யார் என்று கேட்ட கட்சிக்கு, 2018 இனக்கலவரத்தில் திகனை எரிந்ததைப் பார்த்த மாவட்டத்தில் காது கிடைத்தது. 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனம் மூலம் மலையகத் தமிழரின் காணி, வீடு, சம்பளம் பற்றியும் எழுதிக் கொடுத்தது. பழைய தொழிற்சங்கங்களைப் போல உறுப்பினராக வேண்டாம், சந்தா வேண்டாம், புள்ளடி போதும்.

ஆனால் அந்த வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். சின்னத்துக்கு ஒரு புள்ளடி இட்ட பிறகு, விருப்பு வாக்குக்காக மூன்று இலக்கங்கள் வரை தெரிவு செய்யலாம். அலை அடிக்கும்போது இந்த இலக்கங்கள் பிரபலமான முகங்களுக்கே போய்ச் சேரும். கே.டி. லால்காந்தவுக்கு மட்டும் 3 இலட்சத்துக்கு மேல் விழுந்தது. 2015, 2020 இரண்டிலும் தமிழரான வேலு குமாரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மாவட்டத்தில், திசைகாட்டியில் வென்ற ஒன்பது பேரில் தமிழர் ஒருவரும் இல்லை. பழைய மலையகத் தலைவர்களின் சாதனையைப் புகழ நான் வரவில்லை. அவர்களிடம் குறையும் நிறைய. நுவரெலியாவிலும் பதுளையிலும் இதே கட்சி கலைச்செல்வியையும் அம்பிகாவையும் அனுப்பியிருப்பதால், மனமில்லை என்றும் சொல்ல முடியாது. கண்டியில் தமிழர் தொகை சிதறிக் கிடக்கிறது. சிதறிய வாக்கை அள்ளத் தெரிந்த கட்சிக்கு, அதிலிருந்து ஓர் ஆளை மேலே கொண்டுவர வழி தெரியவில்லை.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் கட்சியின் தேசிய வாக்கு 61 வீதத்திலிருந்து 43க்கு இறங்கியது. புள்ளடியோடு வந்தவர்கள் புள்ளடியோடே போகலாம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,750 ரூபாவாக்கும் அறிவிப்பு அதே ஆண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில்தான் வந்தது. இன்னும் கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டை லயங்களில், சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லப் பழைய சங்கத்து ஆளைத்தான் தேடிப் போகிறார்கள்.